வலப்பக்கம் ஓடும் பந்து

கோல்ஃப் ஆடத் தொடங்குவோரைத் தவறாமல் பிடித்துக்கொள்ளும் நோய் ‘ஸ்லைஸ்’. அதற்கு மனம் எழுதித்தரும் மருந்துதான் நோயை வளர்க்கிறது.

பெங்களூருவின் சாங்கி சாலை வழியாக ஆட்டோவில் போகிறவர்களுக்கு அந்தப் பச்சை நிலப்பரப்பு பழகிப்போன காட்சி. எதிரே நட்சத்திர ஓட்டல். சற்றுத் தள்ளி மந்திரிகள் வசிக்கும் பங்களாக்கள். நடுவே, 1876-ல் தொடங்கப்பட்ட பெங்களூர் கோல்ஃப் கிளப். வெள்ளைக்காரர்கள் இங்கே புல் வளர்த்துப் பந்தடிக்கத் தொடங்கியபோது சுற்றிலும் குதிரை வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. இன்று மைதானத்தின் விளிம்பில் பெங்களூருவின் புகழ்பெற்ற போக்குவரத்து நெரிசல். ஹெல்மெட்டுக்குள் வியர்த்தபடி சிக்னலுக்குக் காத்திருப்பவருக்கும், கையுறை மாட்டிக்கொண்டு பந்தைக் குறிபார்ப்பவருக்கும் இடையே சில மரங்களும் ஒரு வேலியும் மட்டுமே.

நகரம் வளர்ந்து வந்து சூழ்ந்துகொண்ட கோல்ஃப் மைதானங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. பந்து எல்லை தாண்டி வெளியே போகக் கூடாது. அதற்காகத்தான் விளிம்புகளில் ஆளுயரத்துக்குப் பல மடங்கு உயரமான வலைகளைக் கட்டுகிறார்கள். அந்த வலைகளில் போய் விழும் பந்துகளில் பல, ஒரே குறையால் திசைமாறி வருபவை. அடித்தவர் நேராகத்தான் அடித்தார். பந்தும் கிளம்பும்போது ஒழுங்காகத்தான் கிளம்பியது. பாதி வழியில் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் வலப்பக்கம் வளைந்து, வளைந்துகொண்டே போய், மரங்களுக்கு அப்பால் மறைந்துவிட்டது. இதற்குப் பெயர் ‘ஸ்லைஸ்’.

வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வலப்பக்கம் ஓடும். இடக்கை ஆட்டக்காரருக்கு இடப்பக்கம். (வசதிக்காக இனி வலக்கைக்காரரை வைத்தே பேசுவோம்.) எதிர்த்திசையில் வளைந்தால் அது ‘ஹூக்’, கொக்கி. ஹூக் பெரும்பாலும் கொஞ்சம் கைதேர்ந்தவர்களின் தொல்லை. ஸ்லைஸ் ஆரம்பகட்ட ஆட்டக்காரர்களின் உடன்பிறப்பு. சாஃப்ட்வேர் கம்பெனியில் உயர்பதவி கிடைத்த கையோடு கோல்ஃப் மட்டை வாங்கிய இளைஞரானாலும், ஓய்வுபெற்ற பிறகு டாக்டர் சொன்னாரென்று நடக்க வந்த அதிகாரியானாலும், முதல் சில மாதங்களில் இதிலிருந்து தப்புகிறவர்கள் குறைவு. பல ஆண்டுகள் ஆடியும் தப்பாதவர்களும் உண்டு.

அவர்கள் முயலாதவர்கள் அல்ல. முயல்கிறார்கள், ஆனால் தவறான திசையில். பந்து வலப்பக்கம் போகிறது என்றால் யாராக இருந்தாலும் அடுத்த முறை சற்று இடப்பக்கம் பார்த்து அடிப்பார்கள். கோல்ஃபில் அப்படிச் செய்தால் பந்து முன்பைவிட அதிகமாக வலப்பக்கம் போகும். இந்த ஒரு விஷயம் புரியாமல் ஸ்லைஸைத் திருத்த முடியாது.

ஒரு கண், ஒரு தீர்ப்பு

பணக்காரர்களின் பொழுதுபோக்கில் பந்து எந்தப் பக்கம் போனால் நமக்கென்ன என்று கேட்கலாம். முதலாம் உலகப்போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு இது கண்ணை இழந்த விவகாரம். அவர் சென்ற சாலைக்குப் பக்கத்திலேயே ஒரு கோல்ஃப் மைதானம். அதன் 13-வது குழிக்கான தொடக்கத் திட்டிலிருந்து ஒருவர் அடித்த பந்து ஸ்லைஸ் ஆகிச் சாலைக்கு வந்து டாக்ஸியின் முன்கண்ணாடியை உடைத்தது. தெறித்த சில்லு டிரைவரின் கண்ணில் பாய்ந்தது. 1922-ல் தீர்ப்பு வந்தது. அந்த இடத்திலிருந்து பந்துகள் அடிக்கடி சாலைக்கு வருவது தெரிந்தும் அங்கேயே ஆட விட்டது பொதுமக்களுக்கு விளைவித்த தொல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ‘காசில் எதிர் செயின்ட் அகஸ்டின்ஸ் லிங்க்ஸ்’ என்ற அந்த வழக்கு சட்டப் புத்தகங்களில் இன்றும் இடம்பெறுகிறது.

ஒரு கோல்ஃப் பந்தின் எடை 46 கிராமுக்கு மிகாமலும், விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. எலுமிச்சம்பழ அளவுதான். ஆனால் சுமாரான ஆட்டக்காரர் அடித்தாலே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். அதனால்தான் பந்து தடம்மாறினால் உடனே தொண்டை கிழிய ‘ஃபோர்’ என்று கத்த வேண்டும் என்பது இந்த விளையாட்டின் முதல் மரியாதை.

அந்தக் கத்தலை அதிகம் கேட்டவர்கள் கேடிகள். (தமிழனுக்கு இந்தச் சொல் காதில் வேறு மாதிரி விழும். போலீஸ் பதிவேட்டின் ‘கே.டி.’ அல்ல இது. மட்டைப் பையைச் சுமந்து, பந்தைத் தேடிக் கொடுத்து, காற்றின் போக்கைச் சொல்லி உடன் நடப்பவர்.) இந்திய மைதானங்களில் ஒரு படி மேலே போய், பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க ஓர் ஆளை முன்னாலேயே அனுப்பிவைக்கும் வழக்கம் இருந்தது. அவருக்கு ‘ஆகே-வாலா’ என்று பெயர். வெள்ளைக்கார துரையின் ஸ்லைஸ் எந்தப் பக்கம் வரும் என்று துரையைவிட நன்றாகக் கணித்தவர் அவராகத்தான் இருந்திருப்பார். தப்பாகக் கணித்தால் அடிபடுவது அவர் தலை.

ஆடுபவருக்கும் நஷ்டம் உண்டு. பந்து எல்லைக்கு வெளியே போனால் ஓர் அடி தண்டனை. அதோடு தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அடிக்க வேண்டும். அதாவது ஓர் அங்குலம்கூட முன்னேறாமல் மூன்றாவது அடி. குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர் என்ற ஆட்டத்தில் இது பெரிய சறுக்கல்.

பந்து ஏன் வளைகிறது?

சுழலும் பந்து காற்றில் வளைகிறது என்பதை டென்னிஸ் பந்தை வைத்து நியூட்டன் 1672-லேயே கவனித்துவிட்டார். 1852-ல் ஜெர்மன் இயற்பியலாளர் குஸ்டாவ் மாக்னஸ் இதைச் சோதனைகளால் விளக்க, அவர் பெயரே இந்த விளைவுக்கு நிலைத்துவிட்டது. கோல்ஃப் பந்தைக் கணக்கில் கட்டிப்போட முயன்றவர் ஸ்காட்லாந்தின் பீட்டர் கத்ரி டெய்ட். இந்த எடின்பரோ பேராசிரியருக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது. அவர் மகன் ஃப்ரெடி டெய்ட் 1896-லும் 1898-லும் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன். சிறியதொரு பந்து அவ்வளவு நேரம் காற்றில் மிதப்பதற்குக் காரணம் அதன் பின்சுழற்சி என்று தந்தை 1890-களில் கண்டுபிடித்தார்.

மட்டையின் முகம் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அது மோதும்போது பந்து முன்னோக்கிப் பறந்துகொண்டே பின்னோக்கிச் சுழல்கிறது. நிமிடத்துக்கு 2,500, 3,000 சுற்றுகள் சாதாரணம். இந்தச் சுழற்சி பந்தின் மேற்புறக் காற்றை வேகப்படுத்தி, கீழ்ப்புறக் காற்றைத் தடுத்து, பந்தைத் தூக்கிப் பிடிக்கிறது. பந்தின் மேலுள்ள அம்மைத் தழும்பு போன்ற குழிகளும் இதற்கு உதவுகின்றன. 1848-ல் வந்த குட்டா பெர்ச்சா பந்துகளில், புதியதைவிட அடிபட்டுக் கீறல் விழுந்தது நன்றாகப் பறப்பதைக் கண்ட பிறகுதான் பந்துக்கு வேண்டுமென்றே தழும்பு வைக்கும் பழக்கம் வந்தது.

பின்சுழற்சியின் அச்சு தரைக்கு இணையாக இருந்தால் பந்து நேராகப் போகும். அந்த அச்சு வலப்பக்கம் சாய்ந்தால், பந்தை மேலே தூக்கும் விசையும் வலப்பக்கம் சாயும். விமானம் ஒரு சிறகைத் தாழ்த்தித் திரும்புவதுபோல் பந்தும் திரும்பும். ஸ்லைஸ் என்பது இவ்வளவுதான். கால்பந்தில் தடுப்புச் சுவரைச் சுற்றி வளையும் ஃப்ரீ கிக் இதே விதிப்படிதான் வளைகிறது. அங்கே அது வேண்டி விரும்பிச் செய்வது, இங்கே வேண்டாமல் வருவது என்பதே வித்தியாசம்.

அச்சு எதனால் சாய்கிறது? இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, மோதும் கணத்தில் மட்டையின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. மற்றது, மட்டை எந்தத் திசையில் பயணம் செய்கிறது என்பது. இரண்டும் ஒரே திசையானால் வளைவு இல்லை. மட்டை இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்போது அதன் முகம் அந்தப் பாதைக்கு வலப்பக்கம் திறந்திருந்தால், பந்தைச் சீவிவிடுவதுபோல் ஆகிறது. அச்சு சாய்கிறது.

மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியின் ஈராயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் எது எதைத் தீர்மானிக்கிறது என்பதில் பல தலைமுறைப் பயிற்சி நூல்கள் தவறிவிட்டன. பந்து முதலில் மட்டையின் பாதையில் கிளம்பி, பிறகு முகம் பார்க்கும் பக்கம் வளையும் என்று அவை கற்பித்தன. ராடார் கருவிகளும் அதிவேகக் கேமராக்களும் வந்த பிறகு தெளிவானது வேறு. பந்து கிளம்பும் திசையைப் பெருமளவு தீர்மானிப்பது முகம்தான். நீண்ட தூரம் அடிக்கும் ‘டிரைவர்’ மட்டையில் முகத்தின் பங்கு சுமார் 85 சதவீதம். இரும்பு மட்டைகளில் 75 சதவீதம். முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி வளைவைத் தீர்மானிக்கிறது.

முகம் இலக்குக்கு 4 டிகிரி வலப்பக்கம் பார்த்தால், வளைவே இல்லாவிட்டாலும் 200 மீட்டர் தொலைவில் பந்து 14 மீட்டர் விலகியிருக்கும். வளைவும் சேர்ந்தால் அடுத்த குழியின் மைதானத்தில் போய்த் தேட வேண்டியதுதான்.

பலரைக் குழப்பும் ஒரு புதிருக்கும் இதிலேயே விடை இருக்கிறது. குட்டை மட்டையால் அழகாக நேரே அடிப்பவர், டிரைவரை எடுத்ததும் ஸ்லைஸ் அடிப்பார். டிரைவரில் ஏதோ கோளாறு என்று நினைப்பார். குறை இரண்டிலும் ஒன்றேதான். குட்டை மட்டையின் முகம் நன்றாகச் சாய்ந்திருப்பதால் அது தரும் பின்சுழற்சி அதிகம். பக்கவாட்டுக் குறையை அது அமுக்கிவிடுகிறது. டிரைவரின் சாய்வோ பத்து டிகிரி அளவுதான். பின்சுழற்சி குறைவு, அதே குறை அச்சை வெகுவாகச் சாய்த்துவிடுகிறது.

கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவின் காற்று கொஞ்சம் லேசானது. சென்னையில் அடிப்பதைவிட இங்கே பந்து சற்றே தூரம் போகும். வளைவும் சற்றே குறையும். ஆனால் ஸ்லைஸ்காரரைக் காப்பாற்றும் அளவுக்கு அல்ல.

மனம் செய்யும் சதி

ஸ்லைஸ் அடித்த ஒருவர் அடுத்த முறை என்ன செய்கிறார்? வலப்பக்கத்து மரங்களைப் பார்த்துப் பயந்து, கால்களை இடப்பக்கம் திருப்பி நிற்கிறார். தோள்களும் கூடவே திரும்புகின்றன. இப்போது அவருடைய மட்டை இன்னும் இடப்பக்கமாகப் பயணம் செய்யும். ஆனால் கைகள் பிடித்திருக்கும் விதம் மாறவில்லை. முகம் பழைய இடத்தையே பார்க்கிறது. முகத்துக்கும் பாதைக்கும் இடையே உள்ள இடைவெளி கூடிவிட்டது. வளைவும் கூடுகிறது. அதைக் கண்டு இன்னும் இடப்பக்கம் திரும்புகிறார். வட்டி கட்டக் கடன் வாங்கிய கதைதான்.

ஓங்கிய மட்டையைக் கீழே கொண்டுவரும்போதும் இதே பயம் வேலை செய்கிறது. பந்தை இடப்பக்கம் தள்ளிவிடும் ஆவேசத்தில் வலது தோள் முந்திக்கொண்டு முன்னால் பாய்கிறது. மட்டை உடலுக்கு வெளியே சுற்றிவந்து, பந்தின் குறுக்கே உள்நோக்கி வெட்டுகிறது. பலத்தைக் கூட்டக் கூட்ட வெட்டும் கூடும். ஸ்லைஸ்காரர் ஓங்கி அடிக்கும் பந்துதான் மிக மோசமாக வளையும் என்பதற்குக் காரணம் இது.

நம் ஊர் ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு பரம்பரைச் சொத்தும் உண்டு: கிரிக்கெட். சிறுவயது முதல் நமக்குச் சொல்லித்தரப்பட்டது நேர் மட்டை. இடது முழங்கையை உயர்த்தி, மட்டையின் முகத்தைப் பந்தின் திசையில் முடிந்தவரை நேரம் வைத்திருப்பதே அழகான ‘டிரைவ்’. முன்கைகள் புரளக் கூடாது. கோல்ஃப் வேறு. தரையில் கிடக்கும் பந்தைச் சாய்ந்த வட்டத்தில் சுற்றி அடிக்கும்போது முகம் முதலில் திறந்து, பந்தை அடையும்போது மூடி வர வேண்டும். அதற்கு முன்கைகள் புரண்டாக வேண்டும். கிரிக்கெட் பழக்கத்தில் அதைப் பிடித்து நிறுத்தினால் முகம் திறந்தபடியே பந்தைச் சந்திக்கும்.

முதலில் முகம், பிறகு பாதை

திருத்தத்தின் முதல் படி பந்தைக் கவனிப்பது. இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால் முகம் இலக்குக்கு இடப்பக்கமே இருக்கிறது, பாதை அதைவிட அதிகம் இடப்பக்கம் போகிறது என்று பொருள். நேரே கிளம்பி வளைந்தால் முகம் சரி, பாதை தவறு. வலப்பக்கமே கிளம்பி மேலும் வலப்பக்கம் வளைந்தால் முகம் நன்றாகத் திறந்திருக்கிறது. இந்த மூன்றாவது வகைதான் மிகவும் தொல்லை தருவது. வேலிகளைத் தாண்டுவதும் இதுதான்.

இந்த வகை ஆட்டக்காரரிடம் பாதையை மட்டும் திருத்தச் சொன்னால், திறந்த முகத்தோடு பந்து இன்னும் வலப்பக்கம் பறக்கும். இரண்டு நாளில் பழைய வழிக்கே திரும்பிவிடுவார். எனவே முகத்தில் தொடங்க வேண்டும். முகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிடி.

மட்டையைத் தரையில் வைத்து முகத்தை இலக்குக்கு நேராக நிறுத்துங்கள். முகத்தை நிறுத்திய பிறகே பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டு மட்டையோடு சேர்த்துக் கைகளைத் திருப்பினால் எதுவும் மாறாது. இடது கையை, உள்ளங்கையில் அல்லாமல் விரல்களின் அடிப்பகுதியில் மட்டை படியும்படி வையுங்கள். குனிந்து பார்த்தால் இடது கையில் எத்தனை விரல்மூட்டுகள் தெரிகின்றன? ஒன்றுதான் தெரிகிறது என்றால் ஸ்லைஸுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு நன்றாகத் தெரிந்து மூன்றாவதும் எட்டிப்பார்க்கும்வரை கையை வலப்பக்கம் திருப்பி வையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே உண்டாகும் கோடு இரண்டு கைகளிலும் வலது தோளைக் காட்ட வேண்டும். இறுக்கம் வேண்டாம். இறுகப் பிடித்த கையில் முன்கை புரளாது.

பென் ஹோகன் 1957-ல் வெளியிட்ட பயிற்சி நூலைப் படித்துப் பிடியைக் கற்றவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஹோகனைப் பல ஆண்டுகள் வாட்டியது ஹூக். முகம் அதிகம் மூடாமல் தடுக்க அவர் கண்ட பிடி அது. ஸ்லைஸ்காரர் அதை அப்படியே பின்பற்றுவது, அடுத்த வீட்டுக்காரரின் ரத்த அழுத்த மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவது போன்றது.

புதிய பிடியில் முதலில் அடிக்கும் பந்துகள் இடப்பக்கம் போகும். நேராக, ஆனால் இலக்குக்கு நன்றாக இடப்பக்கம். சில கொக்கிபோல் வளையவும் செய்யும். இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் இதுதான் மருந்து வேலை செய்யத் தொடங்கிய அறிகுறி. முகம் சரியாகிவிட்டது, பாதை இன்னும் பழையபடி இடப்பக்கம் போகிறது என்பதையே பந்து காட்டுகிறது. இப்போது மனமே உதவிக்கு வரும். பந்து இடப்பக்கம் போவதைக் காணும் உடல், தானாகவே வலப்பக்கம் பார்த்து அடிக்க முயலும். இத்தனை நாள் எதிரியாக இருந்த அதே உள்ளுணர்வு இனி பாதையைத் திருத்தும்.

அதற்குக் கைகொடுக்கச் சில எளிய பயிற்சிகள் உண்டு. செலவு அதிகமில்லை.

தரையில் இரண்டு குச்சிகளை இணையாக வையுங்கள். ஒன்று பந்தின் வரிசையில் இலக்கை நோக்கி, மற்றது கால்விரல்களின் வரிசையில். கால் நேராக இருந்தும் தோள் இடப்பக்கம் திரும்பியிருக்கலாம். ஒரு மட்டையை மார்புக்குக் குறுக்கே பிடித்துச் சரிபாருங்கள். டிரைவருக்குப் பந்து இடது குதிகாலுக்கு நேரே இருந்தால் போதும். அதையும் தாண்டி முன்னால் வைத்தால் தோள் தானே திறந்துகொள்ளும்.

பந்துக்குச் சற்று வெளிப்புறமாக, ஒரு சாண் பின்னால், காலி அட்டைப்பெட்டி ஒன்றை வையுங்கள். வலது தோள் முந்தினால் மட்டை பெட்டியைத் தட்டும். பெட்டியைத் தொடாமல் பந்தை மட்டும் அடிக்கப் பழகும்போது, மட்டை உட்புறத்திலிருந்து வரக் கற்றுக்கொள்கிறது.

வலது காலை ஓர் அடி பின்னுக்கு இழுத்து வைத்து அரை வீச்சில் அடித்துப் பாருங்கள். மட்டையை இடுப்பு உயரத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். இந்த நிலையில் குறுக்கே வெட்டுவது கடினம். வீச்சு முடியும்போது வலது முன்கை இடது முன்கையின் மேலே புரண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

டிரைவரின் முகத்தில் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தூவி அடியுங்கள். பந்து பட்ட தடம் எங்கே? கைப்பிடி பக்கம், அதாவது மட்டையின் குதிகாலில் பட்டிருந்தால் அதுவே ஸ்லைஸ் சுழற்சியைக் கூட்டும். டிரைவரின் வளைந்த முகமும் பருத்த தலையும் செய்யும் வேலை அது. நடுவில் அடித்தாலே வளைவில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

ஏழாம் எண் இரும்பு மட்டையில் தொடங்குங்கள். அதில் பந்து சற்றே இடப்பக்கம் வளையத் தொடங்கிய பிறகு நீண்ட மட்டைக்குப் போகலாம். டிரைவர் கடைசி.

கடையில் விற்கும் மருந்து

உடம்பைத் திருத்துவதைவிடப் பொருளை மாற்றுவது சுலபம் என்று நினைப்பவர்களுக்காகவே ஒரு சந்தை இருக்கிறது. முகத்தைச் சற்றே மூடி வடிவமைத்த டிரைவர்கள், குதிகால் பக்கம் எடை கூட்டிய டிரைவர்கள் நிறையவே கிடைக்கின்றன. கொஞ்சம் உதவும். ஆனால் நோயைத் தீர்க்காது. பந்து குறைவாக விலகும், அவ்வளவே.

இதில் உச்சம் 1977-ல் அமெரிக்காவில் வந்த ‘போலாரா’ பந்து. இயற்பியலாளர் ஒருவரும் வேதியியலாளர் ஒருவரும் சேர்ந்து உருவாக்கியது. குழிகளை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமைக்காமல், நடுப்பட்டையில் ஒரு விதமாகவும் இரு முனைகளில் வேறு விதமாகவும் அமைத்தார்கள். குறிப்பிட்ட கோணத்தில் வைத்து அடித்தால் பந்து தானே நேராகிக்கொள்ளும். அமெரிக்க கோல்ஃப் சங்கம் பதறிப்போனது. பந்து எல்லாப் பக்கமும் ஒரே விதமாகப் பறக்க வேண்டும் என்று 1981-ல் விதி கொண்டுவந்து அதை விலக்கிவைத்தது. வழக்கு நடந்தது. 1985-ல் 13 லட்சத்து 75 ஆயிரம் டாலர் கொடுத்துச் சங்கம் சமரசம் செய்துகொண்டது. ஆனால் விதி நிலைத்தது. நேராக அடிப்பது ஆடுபவரின் திறமையாக இருக்க வேண்டும், பந்தின் திறமையாக அல்ல என்பதே அதன் சாரம்.

வளைவே கூடாது என்றும் இல்லை. ஜாக் நிக்லஸும் லீ டிரெவினோவும் பந்தை மெல்ல வலப்பக்கம் வளைத்தே பட்டங்களை வென்றார்கள். அதற்கு ‘ஃபேட்’ என்று மரியாதையான பெயர். எங்கே விழும் என்று தெரிந்து வளைத்தால் ஃபேட். தெரியாமல் வளைந்தால் ஸ்லைஸ்.

நேராகப் போகும் பந்தின் மதிப்பு

நேரான பந்துக்கு என்ன விலை என்பதை பெங்களூரு ஒரு பெண்ணின் மூலம் உலகுக்குக் காட்டியது. பழைய விமான நிலையச் சாலையை ஒட்டிய கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்தில் ஐந்தரை வயதில் மட்டையைப் பிடித்த அதிதி அசோக், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தார். வெண்கலத்துக்கு ஒரே ஓர் அடி குறைவு. அன்று களத்தில் இருந்தவர்களில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். பல கெஜம் முன்னால் அடித்துக்கொண்டிருந்தவர்களை அவர் பந்தை ஃபேர்வேயில் வைத்தும், குழிக்கு அருகில் துல்லியமாக ஆடியும் பின்னுக்குத் தள்ளினார். தூரம்தான் கோல்ஃப் என்று நினைத்து, டிரைவரை ஓங்கி வீசி, ஒவ்வொரு குழியிலும் ஒரு பந்தைத் தொலைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு பெங்களூருக்காரர் சின்னசாமி முனியப்பா. கேடியாகத் தொடங்கியவர். 2009-ல் இந்தியன் ஓப்பன் போட்டியில் கூடுதல் ஆட்டம்வரை போய் வென்றார். அவருக்கு முன்பே இந்தப் பாதையில் வந்தவர் டில்லியின் அலி ஷேர். 1991-லும் 1993-லும் அதே பட்டத்தை வென்ற முன்னாள் கேடி. கொல்கத்தாவில் மைதானப் புல்லைப் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா 2008-ல் இந்தியன் மாஸ்டர்ஸையும், பிறகு 2016, 2017 என அடுத்தடுத்து இந்தியன் ஓப்பனையும் வென்றார்.

கேடிகள் எப்படிக் கற்றார்கள் என்பதில் ஸ்லைஸ்காரர்களுக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் இன்னொருவரின் தவறுகளுக்குப் பின்னால் நடந்து, அவை போய் விழுந்த புதர்களில் பந்தைத் தேடியவர்கள் அவர்கள். எந்த அசைவுக்குப் பந்து எங்கே போகும் என்பது அவர்களுக்குக் காலால் நடந்து கற்ற பாடம். உயர்ந்த சம்பளம் வாங்கும் மேலாளர் புதிய டிரைவர் வாங்குவதற்கு முன்னால் தன் கேடியிடம், “பந்து எங்கே கிளம்பி எங்கே போச்சு அண்ணா?” என்று கேட்டால் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். பல மைதானங்களில் அந்தப் பதில் தமிழிலேயே கிடைக்கும் என்பது பெங்களூருவின் கூடுதல் வசதி.

பிடியை மாற்றினால் கைக்கு அது சில வாரங்கள் அந்நியமாகவே இருக்கும். பழகும்வரை பந்து இடப்பக்கமும் வலப்பக்கமுமாக அலையும். அதுவரை பயிற்சித் திடலிலேயே அடிப்பது நல்லது. மைதானத்தில் இறங்கியே தீர வேண்டும் என்றால், வலப்பக்கம் சாலை ஓடும் குழிகளில் டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு இரும்பு மட்டையை எடுங்கள். முப்பது கெஜம் குறையும். வேலிக்கு அப்பால் சிக்னலுக்குக் காத்திருப்பவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்வார்.